தேயாத பக்கம்

“சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு அவர்கிட்ட கேளு.”

“அவர் உங்களுக்கு நாலடி தள்ளித்தான் நிக்கிறார்.”

“நான் உன்கிட்டதான் பேசிட்டிருக்கேன், பாப்பா.”

பாப்பாவுக்கு அடுத்த மாதம் முப்பத்தெட்டு முடிகிறது. இரண்டு வயதில் அண்ணன் வாயில் ஒட்டிக்கொண்ட பெயர், இன்றுவரை உரியவில்லை. அவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள். அங்கே அவள் கணவர், ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, சத்தம் எந்தப் பக்கம்னு கேக்கிறார்.”

“காதாலேயே எல்லா வண்டியையும் பாக்கிறவருக்கு அது தெரியாமலா இருக்கும்னு கேளு.”

இந்தத் தபால் ஊழியம் தொடங்கி அன்றோடு நாற்பத்தோரு நாள்.

அண்ணனும் கணவரும் சேர்ந்து நடத்தும் பட்டறை அது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த சிமெண்டுத் தரை, சுவர் நீளத்துக்கு ஒரு மேசை, வாசலை ஒட்டி உதிரி பாகங்களுக்கான கவுண்டர். கவுண்டரில் பதினோரு வருடமாக அவள். அண்ணன் வண்டியைக் காதால் பார்ப்பவர். எஞ்சின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்பார். கணவர் கையால் பார்ப்பவர். கழற்றிய எதையும் விரலால் தடவிப் பார்க்காமல் ஒரு முடிவுக்கு வரமாட்டார். காதும் கையும் சேர்ந்திருந்தவரை பட்டறை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு ஒருநாள், சக்கர போல்ட் முறிந்துபோய் ஒரு வண்டி திரும்பி வந்தது. வாடிக்கையாளர் முன்னால் அண்ணன், மாப்பிள்ளைக்குக் கையில் இருக்கும் பலம் பொறுமையில் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். கணவர் சிரிக்கவில்லை. இனிமேல் நட்டையும் காதாலேயே முடுக்கிக்கொள்ளச் சொல் என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அதுதான் முதல் தபால்.

அன்றிலிருந்து எந்த வண்டி உள்ளே வந்தாலும் இடது பக்கம் அண்ணனுக்கு, வலது பக்கம் கணவருக்கு. யாரும் கோடு கிழிக்கவில்லை. இருந்தாலும் பட்டறைப் பூனைகூட நடுவில்தான் படுத்துக்கொண்டது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட அவர்கள் இரண்டு வீட்டிலும் அண்ணிக்கு மட்டும் இதில் வருத்தமில்லை. முன்பெல்லாம் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தால் கியர்பாக்ஸைத்தான் பரிமாறிக்கொள்வார்கள், இப்போதுதான் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சாப்பிடுகிறார்கள் என்பாள்.

ஆனால் இன்று உள்ளே நிற்பது வாடிக்கையாளர் வண்டி இல்லை. அவளுடைய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற, உயரமான, முன் முகத்தில் இரண்டு பழைய தழும்புகளோடு முறைத்துக்கொண்டு நிற்கிற வண்டி. நேற்று மாலைதான் வாங்கினாள். மலை மேல் மின்கோபுரங்கள் நடுகிறார்கள். அங்கிருக்கும் முகாமுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்க, சொந்த வண்டியோடு ஓர் ஓட்டுநர் ஒரு வருடத்துக்குத் தேவைப்பட்டார். அவர்கள் கொடுத்த வண்டியைப் பத்தொன்பது பேர் ஓட்டிக் காட்டியதில் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தேர்ந்தெடுத்ததில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. பதினோரு வருடத்தில் அவள் ஓட்டாத வண்டி இல்லை. பழுது பார்த்த ஒவ்வொன்றையும் தண்ணீர்த்தொட்டி வரை ஓட்டிப் பார்த்துத் திருப்பிக்கொண்டு வருவது அவள் வேலை. தொட்டியைத் தாண்டினால் சாலை வளைந்து மேலே ஏறும். அந்த வளைவை அவள் எத்தனையோ விதமான கண்ணாடிகளின் வழியாகப் பார்த்திருக்கிறாள். லாரியின் பெரிய கண்ணாடி, விரிசல் விட்ட கண்ணாடி, மழை வழிந்த கண்ணாடி. ஒருநாளும் அதில் ஏறியதில்லை, ஏறுவதற்குக் காரணமும் இருந்ததில்லை. இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

மாலை ஆறு மணிக்கு மலைப்பாதைச் சாவடியில் தடுப்புக் கம்பியை இறக்கிவிடுவார்கள். இன்று அதற்குள் வண்டியோடு போய் நிற்க வேண்டும். சாவடிக்காரர் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ஒரு வட்டம் போடச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்பார். முன் ஆக்சிலில் கட்கட் என்று சத்தம் வந்தால் மேலே விடமாட்டார். நடுவழியில் ஆக்சில் விட்டுப்போனால் அந்தப் பாதையில் இழுத்துவர வழி கிடையாது. ஆறு மணிக்குள் போய் நிற்காவிட்டால் பட்டியலில் இரண்டாவதாக இருப்பவருக்கு வேலை போய்விடும். அந்த இரண்டாவது ஆள் காலையிலேயே அவளுக்குப் போன் செய்து, உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்திருந்தார்.

சாவடிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் கிளம்பினால் போதும். இப்போது மணி ஒன்பதரை. கட்கட் சத்தம் வண்டியில் இருக்கிறது.

“ரெண்டு பக்கமும் இருக்கு” என்றார் கணவர் கடைசியில், கூரையைப் பார்த்து. “வலது பக்கம் கொஞ்சம் கூட.”

அண்ணன் தலையை ஆட்டினார். கணவருக்குச் சொன்ன பதில் இல்லை அது, தன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது என்று தனக்குத்தானே.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, அடியில் தாங்கி வைத்து, இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றினார்கள். கழற்றியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. சக்கரத்துக்குப் பின்னால் ஆக்சிலின் மூட்டை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். மடிப்பு மடிப்பாகத் துருத்தி மாதிரி இருக்கும். பூட் என்பார்கள். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அது மடங்கி விரியும், உள்ளே இருக்கும் கிரீஸை வெளியே விடாது, வெளியே இருக்கும் மண்ணை உள்ளே விடாது. இந்த வண்டியில் இரண்டு பூட்டும் மடிப்போடு மடிப்பாகக் கிழிந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கிரீஸ் தெறித்துச் சக்கரத்தின் உள்பக்கம் முழுவதும் கறுப்பு விசிறி விரித்திருந்தது. மூட்டுக்குள் கையை விட்ட கணவர், விரல்களைத் தேய்த்துப் பார்த்து, மணல் என்றார். யாரிடமும் இல்லாமல் பொதுவாக.

புது ரப்பர் பூட்டுகள் கவுண்டரில் இருந்தன. எந்த இழுப்பறை என்று அவள் பார்க்கவே வேண்டியதில்லை. பூட்டின் பெரிய வாயை இறுக்கும் தகரப் பட்டையான கிளாம்ப்பும் சின்ன வாயை இறுக்கும் கிளாம்ப்பும் கூட இருந்தன, அதுவும் பெரியது மட்டும் இரண்டு அதிகமாக. கணவர் முறுக்கும் முறுக்குக்குப் பெரிய கிளாம்ப்பை அவள் எப்போதும் கூடுதலாகத்தான் வரவழைப்பாள். இல்லாதது மூட்டு. கடையில் கேட்டால் பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாளில் இரண்டாவது ஆள் மலை மேல் சௌகரியமாக உட்கார்ந்திருப்பார்.

பூட்டை மாற்றி, மணலைக் கழுவி, புது கிரீஸ் வைத்தால் மூட்டு இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும், ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான், சத்தம் போகாது. இது அந்தப் பட்டறையில் மூன்று பேருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அண்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சத்தம் இருக்காது, நீ பையைக் கட்டு என்றார். எப்படி என்று கேட்டதற்கு, அதை என்னிடம் விடு என்றார். கால் மணி நேரம் கழித்துக் கணவரும் அவளைக் கவுண்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போய் அதையே சொன்னார். சத்தம் வராது, உனக்கு என்ன கவலை. எப்படி என்று அவரிடமும் கேட்டாள். பார்க்கத்தானே போகிறாய் என்றார்.

இரண்டு பேரும் பொய் சொல்லிப் பழகாதவர்கள். அதனால் அவள் நம்பினாள். பையைக் கட்டினாள். கம்பளி, டார்ச், இரண்டு ஜோடி பூட்ஸ், பழைய சாலை வரைபடம் ஒன்று.

நடுநடுவே கைகொடுக்க வந்தாள். அண்ணன் தன் பக்கத்து ஆக்சிலை உருவும்போது சக்கரம் மாட்டும் ஹப்பை இழுத்துப் பிடித்தாள். அடுத்து மறுபக்கம் போய்க் கணவருக்கும் அதையே செய்தாள். இரண்டு மூட்டுகளும் ஆக்சிலிலிருந்து கழன்று, இரண்டு தட்டுகளில் மண்ணெண்ணெயில் குளித்தன. மேசையின் இடது கோடியில் அண்ணன் தட்டு, வலது கோடியில் கணவர் தட்டு. குளித்து எழுந்தபோது உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகள் மீன் கண் மாதிரி மின்னின. குண்டுகள் ஓடும் பள்ளங்களில் ஒரு பக்கச் சுவர் மட்டும் பளபளவென்று குழிந்திருந்தது. மறுபக்கம் புதுசு மாதிரி இருந்தது. அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகாம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வண்டி எண்ணைச் சொல்ல வெளியே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் கிரீஸ் அடைத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன கிளாம்ப்பையும் பூட்டையும் முதலில் ஆக்சிலில் ஏற்றி, அப்புறம் மூட்டை மாட்டி, பூட்டின் வாயை மூட்டின் மேல் இழுத்துவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர் முனையால் வெளியேற்றி, கிளாம்ப்பை இறுக்கினார்கள். மூன்றாவது கை தேவைப்பட்ட இடத்திலெல்லாம் அவள் கை இருந்தது. அண்ணன் மெல்லப் பாட்டு முணுமுணுத்தார். கணவர் அவ்வப்போது மூக்கைச் சுளித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். இரண்டு பேரும் இவ்வளவு உற்சாகமாக இருந்து நாற்பத்தோரு நாள் ஆகிறது.

மணி ஒன்று. சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரைக்கு இறக்கி, நட்டுகளைக் கடைசியாக முடுக்கினார்கள். அவள் ஏறி உட்கார்ந்தாள். முற்றத்துக்குக் கொண்டுவந்து ஸ்டியரிங்கை முழுவதும் இடது பக்கம் ஒடித்து மெல்ல வட்டம் போட்டாள்.

கட், கட், கட், கட்.

வலது பக்கம் ஒடித்தாள். கொஞ்சம் குறைவாக, ஆனால் அதே கட், கட், கட்.

பிரேக்கை மிதித்து எதிரே நின்ற இரண்டு முகங்களையும் பார்த்தாள். அவள் மனம் சோர்ந்திருக்க வேண்டிய இடம் அது. சோரவில்லை, அந்த முகங்கள்தான் அவளை யோசிக்க வைத்தன. அண்ணன் வாய் பாதி திறந்திருந்தது. கணவர் வாயும் பாதி திறந்திருந்தது. ஒருவர் தோற்றால் மற்றவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும், நாற்பத்தோரு நாளாக அவள் அதைப் பார்த்து வருகிறாள். இன்று வெளிச்சம் யார் முகத்திலும் இல்லை. தேய்ந்த மூட்டு சத்தம் போடுவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அது போகும் என்று இருவரும் எதை வைத்து நம்பினார்கள்?

அவளுக்கு அந்தப் பள்ளங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு பக்கம் குழி, மறுபக்கம் புதுசு. முன்னால் ஓடும்போது குண்டுகள் ஒரு பக்கச் சுவரைத்தான் நெருக்கும். மறுபக்கச் சுவருக்கு ரிவர்ஸில் போகும்போது மட்டும்தான் வேலை. இடது மூட்டை வலது பக்கமும் வலது மூட்டை இடது பக்கமும் மாற்றிப் போட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். தேயாத சுவர் முன்னோட்டத்துக்கு வந்துவிடும். ரிவர்ஸில் கொஞ்சம் முனகும், முனகட்டும். சக்கரத்தை இடம் மாற்றிப் போடுகிற மாதிரி வேலை. இரண்டு பக்கமும் ஒரே அளவு மூட்டு உள்ள வண்டிகளில்தான் செல்லும், இந்த வண்டி அப்படித்தான்.

அவள் இறங்கி அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, மூட்டை மாத்திப் போட்டீங்களா?”

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஆமா. நீ போன் பேசப் போனப்ப, அவர் கிரீஸ் எடுக்கத் திரும்பின நேரத்துல தட்டுலயே மாத்தி வெச்சுட்டேன். அப்புறமும் ஏன் சத்தம் வருதுன்னு தெரியல.”

“அவர்கிட்ட சொன்னீங்களா?”

“எதுக்கு? எனக்கும் தெரியும்னு அவர் சொல்றதுக்கா?”

அண்ணன் அப்போது என்ன செய்தார் என்று விசாரித்தாள். மாற்றி வைத்துவிட்டுப் பின்பக்கக் குழாயடிக்குக் கை கழுவப் போனாராம். அவள் நேராகக் கணவரிடம் போனாள். அவரிடம் கேள்வியைக்கூட முழுதாகக் கேட்கவில்லை.

“மாத்தினீங்களா?”

“மாத்தினேன்” என்றார் கணவர். “உங்கண்ணன் கை கழுவப் போனார். அந்த நேரத்துல சத்தமில்லாம மாத்தி வெச்சேன். அவர் பாக்கல.”

அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். ஒருவர் மாற்றினார், அடுத்தவர் மாற்றினார். இடது மூட்டு ஊரைச் சுற்றி இடது பக்கத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. உலகத்தில் வேறு எந்தப் பட்டறையிலும் இந்தத் தவறு நடக்க வழியில்லை. வேறு இடங்களில் ஆட்கள் முட்டாளாக இருந்தால் தவறு செய்வார்கள். இங்கே இரண்டு பேரும் கெட்டிக்காரர்களாக இருந்ததால் நடந்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மணி ஒன்றே முக்கால் என்பதால் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் கேட்கும்படி, நடுவில் நின்று, நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். அண்ணன் கழுத்தைத் தடவினார். கணவர் தன் கையையே அது யாருடையதோ என்பது போலப் பார்த்தார்.

“இப்ப மறுபடி கழட்டணும்” என்றாள். “பெரிய கிளாம்ப் ரெண்டுதான் மிச்சம். அறுத்தா திரும்ப ஒட்டாது. இதுவும் தப்பாப் போச்சுன்னா எனக்கு இன்னிக்கு மலை கிடையாது.”

“அவர்கிட்ட சொல்லு...” என்று கணவர் ஆரம்பித்தார்.

“இனிமே நான் யாருக்கும் தபால் கிடையாது. நான் மூணு மாசத்துக்கு ஒருதடவைதான் கீழ வருவேன். அதுவரைக்கும் தபாலைச் சேர்த்து வெச்சுக்குங்க.”

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு நிதானமாக, முழங்கை வரை, நகக்கண் உட்பட கழுவினாள். திரும்பி வந்து வண்டிக்கு எதிரே கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொண்டாள். மடியில் வரைபடத்தை விரித்தாள். வளைவுகளை விரலால் எண்ணினாள். முதல் மலைக்கு மட்டும் பதினேழு. நாலாவது வளைவில் ஒரு பாலம் இருந்தது. அதைக் கடக்கும்போது வெயில் எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். வண்டி ஏறிவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மாற்றிப் போட்டால் சத்தம் போய்விடும். செய்யத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், கையில் இரண்டேகால் மணி நேரம் இருக்கிறது. மிச்சம் அவர்கள் பாடு.

ஜாக்கி ஏறியது. சக்கரங்கள் கழன்றன. இந்தமுறை பட்டறையில் பாட்டு இல்லை. இரும்பு இரும்பில் படும் சத்தமும், யாரோ தொண்டையைச் செருமும் சத்தமும்தான். அண்ணன் தன் பக்கத்து ஹப்பை முழங்காலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு தனியாகவே ஆக்சிலை உருவினார். கணவர் ஹப்பை ஒரு கயிற்றால் கட்டி இழுத்துத் தன்னுடையதை உருவினார். பெரிய கிளாம்ப்பை அறுத்து, பூட்டைப் பின்னால் மடக்கி, மூட்டுகளைத் தட்டிக் கழற்றினார்கள். பூட்டுகள் கிழியவில்லை. அதை அவள் ஓரக்கண்ணால் உறுதி செய்துகொண்டாள்.

அண்ணன் தன் கையில் இருந்த மூட்டை மேசையின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார். கணவர் வந்தார், தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தார், அண்ணன் வைத்ததை எடுத்துக்கொண்டார். அண்ணன் மற்றதை எடுத்தார். ஒரு வார்த்தை இல்லை. ஆனால் இந்தமுறை இரண்டு பேரும் மற்றவர் கையில் என்ன இருக்கிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் கை கழுவப் போகவில்லை.

மணி மூன்று பத்து.

இனி மூட்டை ஆக்சில் முனையில் ஏற்ற வேண்டும். முனையில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு சின்ன எஃகு வளையம். அந்த வளையம் எப்போதும் விரிந்தே நிற்கும். அதை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் மூட்டின் தலையில் சுத்தியலால் தட்ட வேண்டும். வளையம் உள்ளே வழுக்கிப்போகும் அந்த ஒரு கணத்தில் விரலை எடுத்துவிட வேண்டும். தனி ஆளால் ஆகாது. காலையில் இரண்டு பக்கமும் அமுக்கியது அவள் விரல்கள்தான்.

அண்ணன் மூட்டை முனையில் வைத்தார். ஒரு கையால் வளையத்தை அமுக்கிப் பார்த்தார், அது பக்கவாட்டில் எகிறியது. மறுபடி அமுக்கினார், மறுபடி எகிறியது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதே நேரத்தில் வண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து கணவரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் வளையமும் எகிறியிருந்தது.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

“கழுவியாச்சு” என்றாள். வரைபடத்தின் மறுபக்கத்தைத் திருப்பினாள். இரண்டாவது மலையின் ஒன்பதாவது வளைவுக்கு மேல் பாதையின் கோடு மெலிதாகி, பிறகு புள்ளிகளாகிவிட்டது. அதைத் தாண்டிப் போனவர்கள் சொன்னால்தான் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். அவள் போய்ப் பார்த்துச் சொல்வாள். காதை மட்டும் வரைபடத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

சுத்தியல் தரையில் வைக்கப்படும் சத்தம். பூனை எழுந்து சோம்பல் முறித்து, இடம் மாறிப் படுத்தது. கூரைத் தகரம் வெயிலில் ஒருமுறை விம்மி அடங்கியது. சுத்தியலை மறுபடி கையில் எடுக்கும் சத்தம். பிறகு அண்ணன் குரல், மாப்பிள்ளையைப் பலநாள் கூப்பிட்டுப் பார்க்காத வாயிலிருந்து கொஞ்சம் கரகரப்பாக வந்தது.

“மாப்ள, இந்த வளையத்தைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிச்சுக்கிறீங்களா, நான் பாத்துத் தட்டுறேன்.”